குட்டியக்கா உட்கார ஒரு மேசை

என் அக்காவுக்கு என்னைவிட வயது நாலு அதிகம், உயரம் ஒரு தலை குறைவு. சேர்ந்து போனால் என்னைத்தான் மூத்தவள் என்பார்கள். இல்லை என்று சொன்னாலும் நம்பமாட்டார்கள். வீட்டில் அவள் பெயர் குட்டியக்கா. அவள் கணவரே, அதாவது என் மாமா, ஒருநாள் வாய் தவறி "குட்டியக்கா எங்கே?" என்று என்னிடம் கேட்டு மாட்டிக்கொண்டார். அன்று முழுக்க அவருக்கு நல்ல மரியாதை கிடைத்தது.

வெளியில் கிளம்பினால் அவளுக்குக் குதிகால் உயர்ந்த செருப்புதான். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் யாரோ "ஸ்கூல் அடுத்த தெருவுல இருக்கும்மா" என்று வழி சொல்லிவிட்டார்களாம். அன்று சாயங்காலமே வாங்கிவிட்டாள். அதற்கப்புறம் வாசலுக்கு வெளியே அவளைச் செருப்பில்லாமல் நான் பார்த்ததே இல்லை. யாராவது உயரம் கேட்டால் அதையும் சேர்த்துத்தான் சொல்வாள். மற்றபடி அவளுக்குப் பொய்யே வராது.

மருத்துவர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் ஸ்கேன் அறிக்கைகளைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. ஒருவர் எதையோ மென்றுகொண்டே பேசுவார். இன்னொருவர் பாதி வாக்கியத்தில் யாரையோ திட்டப் போய்விடுவார். மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பதிவெல்லாம் கடைசியில் இவளிடம்தான் வரும். அதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

ஆனால் அலுவலக நாற்காலியில் அவள் கால் ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை. காலடியில் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டு, வருஷக்கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். வேறு நாற்காலி கேட்டால் உயரத்தைப் பற்றிப் பேச வேண்டி வருமே. அழுத்தக்காரி. கடைசியில் இடுப்பு வலி காலுக்கு இறங்கி, அவளைப் படுக்கையில் தள்ளியது.

பாதி நேரம் நின்றும், பாதி நேரம் பாதம் தரையில் பட உட்கார்ந்தும்தான் இனி வேலை செய்யலாம் என்றார் மருத்துவர். வீட்டிலிருந்தே செய்ய அலுவலகம் சம்மதித்தது. மாதக் கடைசிக்குள் பழையபடி முழுநாள் வேலை ஓட வேண்டும், இல்லாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள்.  

ஆக, ஏற்றி இறக்கும் மேசை ஒன்று வேண்டும். மாமா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இணையத்தில் தேடினார். "இது எவ்ளோ உயரம் போகுது பாரு."

"மேசை வாங்குறீங்களா, பரண்ல ஏறப் போறீங்களா?" என்றாள் அக்கா.

மூவரும் கடைக்குப் போனோம். பொத்தானை அழுத்தினால் முனகாமல் ஏறி இறங்கிய ஒரு மேசை எல்லோருக்கும் பிடித்தது. அக்கா நின்று பார்த்தாள், உட்கார்ந்து பார்த்தாள், பாதம் தரையில் பட்டது. ஒரு வாரத்துக்குள் பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். வாங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் கதை மாறியது. நிற்கும்போது ஒரு குறையும் இல்லை. உட்கார்ந்தால்தான் வம்பு. பாதம் படும்படி நாற்காலியை இறக்கினால் மேசை நெஞ்சுக்கு வந்தது, தோள் காதை முட்டியது. நாற்காலியை ஏற்றினால் கால் பழையபடி தொங்கியது. மேசையோ அதற்குமேல் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. மூன்றாம் நாள் பாதி வேலையிலேயே போய்ப் படுத்துவிட்டாள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் குதித்தேன்.

அக்கா தன் வெறும் காலைப் பார்த்தாள். பிறகு வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அவன் ஏமாத்தலடி. கடையில உட்கார்ந்து பார்த்தது நான் மட்டும் இல்ல, நானும் அந்தச் செருப்பும்."

"அப்ப வீட்டுக்குள்ளயும் போட்டுக்கோ. இல்லன்னா காலுக்கு ஒரு பலகை செஞ்சு தரேன்," என்றார் மாமா.

"வேணாங்க. இத்தனை வருஷமா காலுக்கடியில எதையாவது வெச்சே உட்கார்ந்துட்டேன். ஒரு மேசையாவது எனக்காக இறங்கி வரட்டும்."

மறுநாள் மேசையை மாற்றிக் கேட்க அவளும் நானும் கடைக்குத் திரும்பப் போனோம். விடுமுறை நாள், கடை நிறையக் கூட்டம். அன்று மேசை விற்ற அதே விற்பனையாளர், ஆள் தென்னைமரம் மாதிரி. "உங்க உயரம் எவ்ளோ மேடம்?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பின் வாரை அவிழ்த்தாள். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றாள். சுற்றிலும் அத்தனை பேர். 

"இவ்ளோதாங்க நான். எது ரொம்பக் கீழ இறங்குதோ அதைக் காட்டுங்க."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. நன்றாக இருக்கட்டும். "எல்லாரும் எவ்ளோ மேல போகும்னுதான் மேடம் கேப்பாங்க," என்றவர், முன்வரிசைப் பளபளப்பை எல்லாம் தாண்டி எங்களைப் பின்மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே சாம்பல் நிறத்தில் அழகே இல்லாத ஒரு மேசை நின்றது. அதன் கால்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அடுக்கு, அதனால் மற்றதைவிடத் தாழ இறங்குமாம். அக்கா நாற்காலியைத் தாழ்த்தி உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்த, மேசை இறங்கி இறங்கி அவள் முழங்கைக்கு வந்து நின்றது. கணினி இல்லாத வெறும் பலகையில் விரல்களை வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். ஒரு முழு அறிக்கையைத் தட்டியிருப்பாள். நான் அவசரப்படுத்தவில்லை. வாழ்க்கையில் அவளை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"இதுவே போதும்," என்றாள்.

முதல் நாட்களில் வலி உடனே விட்டுவிடவில்லை. கொஞ்சம் நின்றாள், கொஞ்சம் உட்கார்ந்தாள், நடுவில் என்னை விரட்டினாள். கடைசி வாரத்தில் முழுநாள் வேலை ஓடியது. மாமா ஒருமுறை ஆசைப்பட்டு அந்த மேசையில் உட்கார்ந்து, முட்டி இடித்துக்கொண்டு எழுந்தார்.

மாதக் கடைசி நாள் நான் அங்கே இருந்தபோது மேலாளர் அம்மா கூப்பிட்டார். அக்கா "சரிங்க மேடம்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. போனை வைத்தாள்.

"என்னக்கா சொன்னாங்க?"

"மென்னுக்கிட்டே பேசுவாரே, அவர் பதிவு நிறையச் சேர்ந்து கிடக்குதாம். நாளையிலிருந்து எல்லாம் எனக்குத்தானாம்."

ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நான் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படிந்திருந்தன.