குறுகிய காலம் என்றால் எத்தனை நாள்?

இன்று தர்மபுரியில் தொலைதூரக் கல்வி பி.ஏ. பொருளாதார வகுப்பில் இருந்தவர்கள்: பாடம் நடத்தும் சார், படிக்க வந்த இரண்டு டீச்சர்கள், ஒரு பஸ் கண்டக்டர், நான்.

“குறுகிய காலத்துல விலையெல்லாம் சட்டுனு மாறாதுங்க” என்றார் சார்.

நான் கேட்டேன்: “பாலக்கோட்டு மார்க்கெட்டுல தக்காளி காலைல ஒரு விலை, மத்தியானம் ஒரு விலைங்க சார். அப்போ குறுகிய காலம்னா எத்தன நாளுங்க?”

“அக்கா, இது பேரியல் பொருளாதாரம். வூட்டுல ரசம் வைக்கிற கணக்கு இல்லைங்க” என்றார் சார்.

மூவரும் சிரித்தார்கள். கோபத்தை அடக்க ‘அருள் நிறைந்த மரியே’ சொல்ல ஆரம்பித்தேன். பாதி ஜெபத்திலேயே எழுந்துவிட்டேன்.

“ரசம் வைக்கத் தெரியுங்க சார். தெரியாததத்தான் கேட்டேன்.”

“சிலபஸ்ல அவ்வளவுதாங்க” என்று புத்தகத்தை மூடினார்.

தெரியாது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அதற்கு என் சமையலறையை ஏன் இழுக்க வேண்டும்?

சனிக்கிழமை தேர்வு. இந்தக் கேள்வி வந்தால் நான் என்ன எழுதுவது? பொருளாதாரம் படித்தவர்கள் வெள்ளிக்குள் பதில் சொல்லுங்கள்.