நீலத்தில் விழுந்த கரும்புள்ளி

என் மகளின் நீல வெளிச்சத்தைக் கொன்றவள் நான்தான்! அவள் கலவையில் ஒரு குறையும் இல்லை...

இதை அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மகள் மல்லிகா வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். மின்சாரம் பாய்ந்தால் தானே ஒளிரும் பூச்சுகளைக் கண்டுபிடிப்பவள். கைபேசித் திரைக்குள் இருப்பதும் அப்படி ஒரு பூச்சுதானாம். சிவப்புக்கும் பச்சைக்கும் அவள் பெயரில் காப்புரிமை உண்டு. கரவனெல்லப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் பால்வெட்டி வளர்த்த பிள்ளை! எனக்குத் தலைக்கனம் இருக்காதா?

நீலம்தான் அவளுக்கு அடங்கவில்லை. செய்தவையெல்லாம் சில நாளில் கருத்துப்போயின. ஒன்றே ஒன்று மாதக்கணக்கில் நின்றது. காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, கொழும்பில் சிலருக்குக் காட்ட அதை எடுத்து வந்தாள். வழியில் இரண்டு நாள் என்னோடு தங்கினாள். காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டி; உள்ளே தீப்பெட்டி அளவில் அந்தப் பூச்சுப் பூசிய ஒரு தகடு; வெளியே அதை ஒளிரவைக்க ஒரு பட்டன்.

“அம்மா, தொறந்துறாதீங்க. காத்து, ஈரம் பட்டா செத்துப்போகும்.”

அவள் கடைக்குப் போன நேரம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் வந்தாள். பட்டனை அழுத்திக் காட்டினேன்.

“போங்கக்கா! உள்ளுக்குப் பல்ப்ப ஒளிச்சி வச்சிருக்கா. ஒங்க மக ஒங்களயே ஏமாத்திப்புட்டா!”

அந்தச் சிரிப்பு... பால்வெட்டுக் கத்தியால் ஓரத்துப் பசையைக் கீறித் திறந்தேன். தகட்டை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். பல்ப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பாக்கியம் குனிந்து குனிந்து பார்த்தாள்.

வெளியே மழை.

பிறகு என்ன செய்தேன் தெரியுமா? ரப்பர் பாலை விரலால் தொட்டு ஓரமெல்லாம் தடவி ஒட்டினேன். காய்ந்ததும் கீறல் தெரியவில்லை. கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்!

கொழும்பில் பட்டனை அழுத்தியபோது நீலத்தில் ஒரு கரும்புள்ளியாம். அது விரிந்து விரிந்து எல்லாம் இருண்டதாம். “என் கலவதாம்மா சரியில்ல” என்று திரும்பி வந்து அழுதாள். விண்ணப்பத்தைத் தானே திரும்பப் பெற்றாள்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை... விவரம் கெட்டவள் என்று மகள் நினைத்துவிடுவாளே!

கண்ணை மூடினால் அந்தப் புள்ளி விரிகிறது. விரலை முகர்ந்தால் புளித்த பால் வாடை. எத்தனை சவர்க்காரம் போட்டும் போகவில்லை...

வருடங்கள் ஓடிவிட்டன. இன்னமும் அதே கலவையைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். இல்லாத தப்பைத் தேடுகிறாள்! ஞாயிறுதோறும் கைபேசித் திரையில் அவள் முகம் வரும். தலை நரைத்துவிட்டது.

“தப்பு எங்கன்னு இன்னும் புடிபடலம்மா.”

நான் விரலைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு கேட்கிறேன்:

“சாப்பிட்டியா புள்ள?”