மண்ணில் ஒட்டிய சிவப்பு

தங்கை புருஷன் நுரைக்காரருக்குத் தர வேண்டியது ஒன்றரை லட்சம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சியும் கிடையாது. சொந்தத்துக்குள் கொடுத்த பணம். கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நாலு வருடம் ஓடிவிட்டது.

நுரைக்காரர் படித்தது மூன்றாம் வகுப்பு. அதில் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றார். ஒரு வாளி, ஒரு பழைய துணி, இரண்டு கை, இவ்வளவுதான் அவர் போட்ட முதல். இன்று வண்டி கழுவத் தகரக் கூரை போட்ட கொட்டகை இருக்கிறது, தண்ணீர் பீய்ச்சும் மோட்டார் இருக்கிறது, சனிக்கிழமையானால் சம்பளம் வாங்க இரண்டு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். "இந்த நாற்காலியில உக்காரறதுக்கு முப்பது வருஷம் குனிஞ்சு நின்னிருக்கேன். என் கை பட்ட வண்டியில இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கொஞ்சம் அதிகமாகவே சொல்வார். ஆனால் சொன்னதில் பொய் கிடையாது.

அந்தக் கொட்டகைக்குத்தான் இப்போது ஆபத்து. முன்பணத்தில் ஒன்றரை லட்சம் கூட்டித் தர வேண்டும், இல்லாவிட்டால் முதல் தேதி இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று இடத்துக்காரர் சொல்லிவிட்டார். நுரைக்காரர் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு தங்கை மாப்பிள்ளையிடம் போய் நின்றார்.

"ரொக்கமா இல்ல மச்சான். வண்டிய எடுத்துக்கங்க. ஒன்றரைக்குக் குறையாமப் போகும். நான் புதுசா வாங்கினது, வேற கை படல" என்று மாப்பிள்ளை சாவியைக் கொடுத்தார். கருஞ்சிவப்புக் கார், பன்னிரண்டு வயது.

மறுநாளே ஆள் கிடைத்துவிட்டார். ஓய்வுபெற்ற தபால்காரர். கழுவித் துடைத்து நிறுத்தியிருந்த வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை எடுத்து, அதற்குள் கையை விட்டு, முன் மூடியைத் தடவினார்.

"கரகரங்குதே."

"இப்பத்தான் கழுவினது. வழுவழுன்னு இருக்கு பாருங்க."

"வெறுங்கையில தெரியாது. பைக்குள்ள விட்டுத் தடவிப் பாருங்க."

நுரைக்காரர் தடவினார். உப்புத்தாள் மாதிரி இருந்தது. பையைக் கழற்றிவிட்டுத் தடவினார். ஒன்றுமில்லை. மூடின கைக்குத் தெரிவது திறந்த கைக்குத் தெரியாமல் போவது எப்படி என்று அவருக்கு விளங்கவில்லை. முப்பது வருடமாக இந்தக் கையை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"அது இரும்புத் தூள், தார், மரத்துப் பிசின். பெயிண்ட்ல குத்திக்கிட்டு நிக்கும், சோப்புக்கு வராது. அதுக்குன்னு ஒரு களிமண் இருக்கு, கிளேன்னு சொல்லுவாங்க. அதப் போட்டு எடுத்து வைங்க. மறு பெயிண்ட் அடிக்காத வண்டின்னா ஒன்றரை தர்றேன். ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்று தபால்காரர் போய்விட்டார்.

பெயிண்ட் கடைக்காரம்மா மூன்று கட்டிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். துணி சோப்பு அளவுதான் இருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், ஒன்று கறுப்பு.

"இதுல எது நல்லது?"

"எல்லாமே நல்லதுதான். ஒண்ணு மெதுவு, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு முரடு."

"கறுப்புதானே முரடு?"

"இந்தக் கம்பெனிக்குக் கறுப்பு நடுத்தரம், நீலம் மெதுவு. வேற கம்பெனியில நீலம்தான் முரடு. கலரப் பாத்து வாங்காதீங்க, விரலால அழுத்திப் பாத்து வாங்குங்க."

நுரைக்காரர் மூன்றையும் அழுத்தினார். முதலில் அழுத்தியது எது என்று மறந்துபோய் மறுபடி அழுத்தினார்.

"முரட்டையே குடுங்க. அழுக்கு நம்மளப் பாத்து பயப்படணும்."

"பெயிண்ட்டும் சேர்ந்து பயப்படும். முரடு போட்டா பளபளப்பு மங்கிடும், அப்புறம் பாலிஷ் போட்டு எடுக்கணும். மெதுவுல ஆரம்பிங்க. நிழல்ல வச்சு, சோப்புத் தண்ணிய நிறைய விட்டு, அழுத்தாம நேரா இழுங்க, வட்டம் போடாதீங்க. அழுக்கு ஏறினா மடிச்சுப் பிசைஞ்சு புது முகம் எடுங்க. கீழ விழுந்தா தொடாதீங்க, குப்பையில போட்டுடுங்க."

"இந்த விலை குடுத்து வாங்கிக் குப்பையில போடணுமா?"

"தரையில இருக்கிற மணல் அதுல ஒட்டிக்கும். அதோட தேச்சா வண்டி பூரா கோடு."

"மண்ணுக்கு இவ்வளவு விலையாம்மா? எங்க இடத்துக்காரரே பரவாயில்ல போலிருக்கு."

"வேணாம்னா வைங்க."

நீலத்தையே வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வண்டியைக் கூரைக்கடியில் நிறுத்தினார். ஆட்கள் இரண்டு பேரையும் கிட்டே வர விடவில்லை. நீலக் கட்டியில் கால் பங்கைக் கிள்ளி, உள்ளங்கையில் தட்டி, சோப்புத் தண்ணீரைத் தெளித்து முன் மூடியில் இழுத்தார். முதலில் சரசரவென்று ஒரு சத்தம். நாலைந்து இழுப்பில் சத்தம் குறைந்து, கட்டி தானாகவே வழுக்கிக்கொண்டு போயிற்று. திருப்பிப் பார்த்தால் நீலத்தின்மேல் சாம்பல் நிற அழுக்கு. தன் கையால் நூறு முறை கழுவிய வண்டியில் இவ்வளவு அழுக்கா என்று அவருக்கு ரோஷமாக இருந்தது. ஆனால் பைக்குள் கையை விட்டுத் தடவினால் கண்ணாடி. ரோஷம் போய்ச் சந்தோஷம் வந்துவிட்டது. முன் மூடி, கூரை, வலது பக்கத்து இரண்டு கதவு, இடது முன் கதவு என்று மடிப்பதும் இழுப்பதுமாகப் பசி தெரியாமல் போனார்.

இடது பின் கதவுக்கு வந்தார். நாலு இழுப்பு இழுத்துத் திருப்பிப் பார்த்தார். கட்டி சிவந்திருந்தது.

விரலை அறுத்துக்கொண்டோமோ என்று முதலில் கையைப் பார்த்தார். கை நன்றாகத்தான் இருந்தது. கட்டியை மடித்து மறுபடி இழுத்தார், சிவப்பு. அழுத்திவிட்டோம் போல என்று விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் இழுத்தார், சிவப்பு. புதுத் துண்டு கிள்ளினார். வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடித்தார். அதற்கும் சிவப்பு. பக்கத்துக் கதவில் அதே துண்டை வைத்து இழுத்தால் சிவப்பைக் காணோம். வண்டியின் நிறத்தை நாமே உரித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியதும், கவிழ்த்து வைத்திருந்த இன்னொரு வாளியின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஒரே வண்டி, ஒரே கட்டி, ஒரே கை. நாலு கதவில் மூன்று ஒரு பேச்சு, ஒன்று வேறு பேச்சு.

சிவந்த துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உங்க மண்ணு மாப்பிள்ளை வண்டிய உரிச்சிருச்சும்மா."

"மண்ணு உரிக்காது. கம்பெனி பெயிண்ட் மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அதத் தாண்டி கலர் வராது. அந்தக் கதவுல அந்தப் பூச்சு இல்ல. யாரோ மலிவா மறுபடி அடிச்சிருக்காங்க. அந்தக் கதவோட மல்லுக்கட்டாதீங்க, மெதுவான துணியால துடைச்சு மெழுகு போட்டு விடுங்க."

"மாப்பிள்ளை ஒரே கையில ஓட்டின வண்டிம்மா."

"அப்ப மாப்பிள்ளையத்தான் கேக்கணும்."

வாசலிலேயே நின்று போன் போட்டார். மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார்.

"மாப்ள, இடது பின் கதவ எப்பவாவது பெயிண்ட் அடிச்சீங்களா?"

"என்ன மச்சான் கேள்வி இது? என் வண்டிக்கு நான் பெயிண்ட் அடிச்சா எனக்குத் தெரியாதா?" வழக்கத்தைவிட நாலு மடங்கு சத்தமாக வந்தது குரல்.

"கலர் வருதே."

"மண்ணப் போட்டுத் தேச்சா கலர் வராம கரும்புச் சாறா வரும்? ஒழுங்கா சோப்புப் போட்டுக் கழுவத் தெரிஞ்சவருக்கு இந்தப் புது வித்தையெல்லாம் எதுக்கு?"

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார். மாப்பிள்ளை இப்படிப் பேசியதே இல்லை. அவர் பொய் சொல்கிறாரா, கடைக்காரம்மா பொய் சொல்கிறாரா, தன் கைதான் பொய் சொல்கிறதா என்று தெரியாமல் நுரைக்காரர் தன் கொட்டகையைத் தாண்டி இரண்டு கட்டடம் நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

மதியம் தங்கை வந்து நின்றாள். சட்டைகளுக்குக் காஜா எடுக்கிற வேலை அவளுக்கு, தோளில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது.

"அண்ணே, அந்தக் கதவு நான்தான்."

"நீதான்னா?"

"அஞ்சு வருஷம் முன்னாடி அவர் வேலையா வெளியூர் போயிருந்தாரே, மூணு வாரம். அப்ப நான் வண்டிய எடுத்தேன். திருப்பறப்ப சிமெண்ட் தூண்ல உரசிட்டேன். அவர் வர்றதுக்குள்ள சரி பண்ணணும். கையில காசு இல்ல. நம்ம வீட்டு பீரோவுக்குப் பெயிண்ட் அடிச்சாரே, அவர்கிட்ட குடுத்தேன். அதே கலர் டப்பா இருக்குன்னாரு."

"பீரோ பெயிண்டரா கார் கதவுக்கு அடிச்சான்?"

"நல்லாத்தான் அடிச்சாரு. அஞ்சு வருஷமா யாரு கண்டுபிடிச்சா? நீங்கதான் மண்ணப் போட்டுத் தேய்க்கிறீங்க. அண்ணே, அவருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. தயவு பண்ணி சொல்லிடாதீங்க."

"அப்ப வாங்கறவருக்கு நான் என்ன சொல்றது?"

அவள் தோளிலிருந்த நூல் துணுக்கைப் பிய்த்து எறிந்துவிட்டுத் திரும்பிப் போனாள். கதவைப் பற்றி வாய் திறந்தால் தங்கை குடும்பத்தில் புகைச்சல். திறக்காவிட்டால் தபால்காரருக்குத் துரோகம். விலை குறைந்தால் கொட்டகை போகும். மூன்றையும் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார், எப்படி அடுக்கினாலும் ஒன்று இடித்தது. கடைக்காரம்மா சொன்னபடி அந்தக் கதவைத் துடைத்து மெழுகு போட்டு விட்டார். மற்றவற்றைவிட அதுதான் அழகாகப் பளபளத்தது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் வந்தார். மாப்பிள்ளையும் சாவகாசமாக வந்து நின்றார். தபால்காரர் பைக்குள் கையை விட்டு வண்டி முழுக்கத் தடவினார்.

"வேலைன்னா இது வேலை. மறு பெயிண்ட் எதுவும் இல்லையே?"

"இல்லவே இல்ல" என்றார் மாப்பிள்ளை.

நுரைக்காரர் எதுவும் முடிவு செய்திருக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"இருக்கு. இடது பின் கதவு. அஞ்சு வருஷம் முன்னாடி இங்க கழுவ விட்டிருந்தாரு. திருப்பி நிறுத்தறப்ப நான்தான் அந்தத் தூண்ல உரசிட்டேன். அவருக்குச் சொல்லாம ஆள வச்சு அடிச்சுட்டேன்."

ஆட்கள் இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார்.

"உங்க கையிலயா?" தபால்காரர் சிரித்தார். "முப்பது வருஷம்னு போன வாரம் அவ்வளவு நேரம் சொன்னீங்க?"

"அந்த ஒண்ணத் தவிர" என்றார் நுரைக்காரர். காது சூடாகிவிட்டது.

தபால்காரர் கதவைத் தட்டிப் பார்த்தார், திறந்து ஓரத்தைப் பார்த்தார். "நீங்களே சொன்னதால எடுத்துக்கறேன். ஆனா பதினெட்டாயிரம் குறைச்சுத்தான்." ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம் கொடுத்து வண்டியை ஓட்டிப் போனார். மாப்பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போய்விட்டார். கோபம் என்று நுரைக்காரர் நினைத்துக்கொண்டார். இடத்துக்காரர் இருந்ததை வாங்கிக்கொண்டு, மீதிக்கு ஒரு வாரம் தவணை கொடுத்தார்.

மறுநாள் காலை தங்கை வந்தாள். "நீங்கதான் உரசினீங்கன்னு அவர் வந்து சொன்னாரு. என் தப்ப உங்க மேல போட்டுக்கிட்டீங்களேண்ணே" என்றாள். காஜா மெஷின் வாங்கச் சேர்த்த பணம் பதினெட்டாயிரத்தை, வேண்டாம் வேண்டாம் என்கிறபோதே ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் செருகிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலை மாப்பிள்ளை வந்தார். அவர் கையிலும் ஒரு உறை.

"பதினெட்டாயிரம் இருக்கு மச்சான். ஆபீஸ்ல முன்பணம் வாங்கினேன்."

"நான் உரசினதுக்கு நீங்க எதுக்கு மாப்ள?"

"நீங்க எங்க உரசினீங்க? அவதான உரசினா."

நுரைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் வந்த மறு வாரமே அந்த பீரோ பெயிண்டர் ரோட்டுல நிறுத்தி, 'கதவு தாங்குதா சார்'னு கேட்டுட்டான். அவ்வளவு ஏன், ஊர்லேருந்து வந்ததுலேருந்து பத்து நாள் எனக்குப் பிடிச்சதாவே சமைச்சா. அதுலயே தெரியலையா? பாவம், அவ பயந்து கிடக்கிறாளேன்னு விட்டுட்டேன். அன்னிக்கு போன்ல அவ பக்கத்துல நின்னா, அதான் கத்தினேன். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேணாம் மச்சான்."

"தபால்காரர்கிட்டயும் இல்லன்னீங்களே?"

"அது தப்புதான். வீட்டுல சொன்ன பொய்ய வெளியில மாத்த வாய் வரல" என்று மாப்பிள்ளை உறையை மேஜையில் வைத்தார். "கடன் என் கடன். முழுசா முடிச்சுக்கங்க."

அவள் காலையிலேயே கொடுத்துவிட்டாள் என்று சொல்ல நுரைக்காரர் வாயெடுத்தார். சொன்னால் அவள் தன்னிடம் ஒப்புக்கொண்டது வெளியாகும். மாப்பிள்ளைக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னால் அவர் கேட்டுக்கொண்டது பாழாகும். ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தார், உறையைப் பார்த்தார். "சரி மாப்ள" என்று மட்டும் சொன்னார்.

மாப்பிள்ளை கொடுத்த பணத்தை நுரைக்காரர் இடத்துக்காரரிடம் கட்டிவிட்டு, மறுநாள் மாப்பிள்ளை வேலைக்குப் போன நேரம் பார்த்துத் தங்கை வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் மூன்று பொய் தயார் செய்தார். வாசலை மிதித்ததும் மூன்றும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. அவள் தையல் மேஜையிலிருந்து எழுந்து வந்தாள்.

"என்னண்ணே, இந்நேரத்துல?"

"உன் பணம். கைய நீட்டு."

"இடத்துக்காரருக்கு?"

"கட்டியாச்சு."

"எதுல கட்டினீங்க? யாரு குடுத்தா? அவர் ஏதாவது கேட்டாராண்ணே?"

"ஒண்ணும் கேக்கல. கைய நீட்டுன்னா நீட்டு."

அவள் ஒன்றும் புரியாமல் கையை நீட்டினாள். எல்லாம் ஐந்நூறு நோட்டு. ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். "தபால்காரர் திருப்பிக் குடுத்துட்டாரா?" என்று அவள் நடுவில் கேட்க, கணக்கு பதினாலா பதினைந்தா என்று குழம்பிப்போய், எல்லாவற்றையும் திருப்பி எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை அவள் பேசவில்லை. முப்பத்தாறாவது நோட்டை அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.