காரணம் ஜெனுயின்

வடக்கே காட்கியில் ஒரு தொழிற்சாலை. அதில் இருதயராஜ் சூப்பர்வைசர். லீவு விண்ணப்பம் யாருடையதானாலும், கடைசிக் கட்டத்தில் அவர் கையால் ‘ஜெனுயின்’ என்று விழுந்தால்தான் மேலே நகரும். பதினெட்டு வருஷமாக எழுதி எழுதி மனுஷனுக்குக் கையும் மரத்துவிட்டது, மனசும் மரத்துவிட்டது.

அர்த்தம் என்னவோ நிஜம் என்பதுதான். கேம்ப் பஜாரில் கடைக்காரர் தோல் பெல்ட்டைக் காட்டி அந்த வார்த்தையைச் சொல்வார். தொழிற்சாலையில் மட்டும் அதற்கு வேறு அர்த்தம்: தந்தி இருக்கிறது. ‘அம்மா சீரியஸ், உடனே புறப்படு’ என்று ஊரிலிருந்து வந்துவிட்டால் ஜெனுயின். அதில் பாதி, திருவிழாவுக்குப் போக ஆட்களே சொல்லி வரவழைத்தது என்பது இருதயராஜுக்குத் தெரியாதா என்ன? ஒருத்தனுடைய அம்மா ஒரே வருஷத்தில் மூன்று தரம் சீரியஸானாள். யாரோடு மல்லுக்கட்டுவது? காகிதம் இருந்தது, எழுதினார்.

2002 மார்ச்சில் லீவு கேட்டுப் பவுன் வந்து நின்றாள். புருஷன் செத்ததால் கிடைத்த வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. சொல்லாமல் ஊருக்குப் போனால் அதுவும் போய்விடும். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று அரக்கோணத்திலிருந்து அண்ணன், பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணியிருக்கிறான். அழுது வீங்கிய முகம். இருதயராஜ் அதைப் பார்க்கத்தான் செய்தார். ஆனாலும் பழக்கம் விடவில்லை.

“தந்தி எங்கம்மா?”

“போன்லதான் சார் சொன்னாங்க. இப்பல்லாம் யாரு சார் தந்தி குடுக்கறா?”

காகிதம் இல்லாமல் எழுதினால் மேலிடத்தில் கேள்வி வரும், அதற்கு வேறு பதில் சொல்லித் தொலைக்க வேண்டும் என்ற அலுப்பு அவருக்கு. அண்ணனைத் தந்தி அடிக்கச் சொல் என்று அனுப்பிவிட்டார். தாயின் தலைமாட்டிலிருந்து எழுந்து அவன் தபாலாபீசுக்கு ஓடினான். தந்தி வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. வந்ததும் எழுதிக் கொடுத்தார். பவுனும் அன்றைக்கே ரயிலேறினாள்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். வேலையில் சேரும் படிவத்தோடு இன்னொரு காகிதத்தையும் பின் பண்ணியிருந்தாள். அம்மாவின் இறப்புச் சான்றிதழ். அதை யாரும் கேட்கவேயில்லை. இருதயராஜ் அதைப் படித்தார். முகத்தையாவது பார்த்தாளா என்று கேட்க நினைத்தார். இதெல்லாம் எதுக்கும்மா என்று மட்டும் முனகினார்.

“நான் போறதுக்குள்ள மண்ணு போட்டுட்டாங்க சார். பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அதான் மறுநாளே முனிசிபல் ஆபீசுல போய் உக்காந்து, இத வாங்கிட்டு வந்தேன். நீங்க நம்பணுமில்ல.”