குடங்களோடு போன சுற்றுலா

போன மாதம் பிள்ளைகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு சென்னைப் பக்கத்துத் தீம் பார்க்குக்குக் கிளம்பினோம். உளுந்தூர்பேட்டை டோல்கேட் தாண்டுவதற்குள் சின்னவன் முகம் வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டியை ஓரம்கட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி அவன் மூக்கருகே பிடித்தார். அவனுக்குக் குமட்டல் நின்றது. எனக்குக் கோபம் வந்தது. பதினைந்து வருடத்துக்கு மேலான பழைய கோபம். எலுமிச்சம்பழ வாசனைக்கு யாராவது கோபப்படுவார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் அத்தாவோடு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) நீங்கள் ஒரு தடவை வேனில் போயிருந்தால் கேட்கமாட்டீர்கள்.

அத்தாவுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை ஒட்டிக் கடை. பிளாஸ்டிக் குடம், வாளி, முறம், கயிறு, எலிப்பொறி என்று கூரையிலிருந்துகூடத் தொங்கும். கல்வராயன் மலையிலிருந்து புளியும் கடுக்காயும் விற்க இறங்கி வருகிறவர்கள், திரும்பும்போது எங்கள் கடையில் ஒரு குடமாவது வாங்காமல் பஸ் ஏறமாட்டார்கள். கடை மூடியிருந்தால் அத்தாவுக்கு மூச்சு முட்டும். பெருநாளன்றுகூடத் தொழுதுவிட்டு வரும் வழியில் ஷட்டரைப் பாதி தூக்கி, "யாராச்சும் அவசரத்துக்கு வருவாங்க" என்பார். பெருநாளன்று யாருக்கு அவசரமாக எலிப்பொறி வேண்டும், சொல்லுங்கள்?

அப்படிப்பட்டவர் ஒரு நாள் முழுக்கக் கடையை மூடச் சம்மதித்தது மும்தாஜ் அக்காவுக்காக. அவளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அழைத்துப் போய்விடுவதாக ஏற்பாடு. நகை, புடவை எதைக் காட்டினாலும் "உங்க இஷ்டம்" என்றவள், ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். டிவி விளம்பரத்தில் தண்டவாளத்தோடு தலைகீழாகப் போகுமே ஒரு ரயில், அதில் ஏறவேண்டும்.

"அவரு அங்க எத்தனையோ காட்டுவாரு. நம்ம வூட்டோட போவ முடியுமா?" என்றாள். அத்தா சாப்பாட்டுத் தட்டில் கை கழுவிவிட்டுப் போய் வேன் சொல்லிவிட்டு வந்தார்.

வேன் கரியாலூர் பெரியசாமி அண்ணனுடையது. மலைக்கும் ஊருக்கும் ஆள் ஏற்றுகிறவர். "கொண்டை ஊசி வளைவுலயே கண்ண மூடிக்கினு ஓட்டுவான்" என்று அத்தாவுக்குப் பெருமை. நாலுவழிச் சாலையில் ஏறியதும்தான் வில்லங்கம் தெரிந்தது. வளைவே இல்லாத ரோட்டைக் கண்டதும் அண்ணனுக்குக் கண் சொக்கியது. "ரோடு நேரா கெடக்குதுங்க தாவூது பாய், தூக்கமா வருது." இதனால் கண்ணில் பட்ட டீக்கடை எல்லாவற்றிலும் நின்றோம். நின்ற இடத்திலெல்லாம் அத்தா, அந்தக் கடையில் குடம் எங்கே வாங்கினார்கள், என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய கொடுமை வேன் தலைக்கு மேலே இருந்தது. காலையில் புதுத்துணி உடுத்திக்கொண்டு தெருவுக்கு வந்தால், கேரியர் நிறையச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் குடங்கள். கோயில் திருவிழாவுக்குப் போகும் சப்பரம்போல வேன் நிற்கிறது.

"இது இன்னாங்க?" என்றாள் அம்மா.

"திண்டிவனத்துல ஒருத்தர் கேட்டுக்கினே இருந்தாரு. போற வழிதானே."

அவற்றைக் கட்டியிருந்த கயிறு நைந்து கிடந்தது. கடை நிறையப் புதுக்கயிறு இருக்கிறதே என்று நான் வாயை விட்டுவிட்டேன். "அது விக்கிறதுக்கு" என்றார்.

விழுப்புரம் தாண்டுவதற்குள் வேனுக்குள் டீசல், பிரியாணி, தம்பி சலீமின் வாந்தி, அதற்கு மருந்தாக அம்மா கசக்கிய எலுமிச்சம்பழம் எல்லாம் சேர்ந்து ஒரே நாற்றம். நான்தான் பாலிதீன் பை பிடிக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். திடீரென்று மேலே டமடமவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் நெடுஞ்சாலை முழுக்கக் குடங்கள். துள்ளுகின்றன, உருளுகின்றன, ஒன்றை ஒன்று துரத்துகின்றன. ஒரு லாரி ஒரு நீலக் குடத்தை நசுக்கிக்கொண்டு போனது. பின்னால் வந்த பஸ்ஸில் ஜன்னல்தோறும் தலைகள், அத்தனையும் சிரிக்கின்றன. அத்தா லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். (தீம் பார்க்குக்கும் லுங்கிதான்.) பின்னாலேயே நாங்கள். அக்கா ஜரிகை வைத்த சுடிதாரில் ஒரு பச்சைக் குடத்தைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.

பொறுக்கிக் குவித்த பிறகும் அத்தாவுக்குத் திருப்தியில்லை. சாலையோரத்து வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கித் தேட ஆரம்பித்தார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மைல்கல்மேல் உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் வெடித்தாள்.

"ஒரு நாளு. ஒரே ஒரு நாளு எனக்குன்னு கேட்டேன். நீங்க கொடத்தையே கட்டிக்கினு அழுங்க. நான் வூட்டுக்குப் போறேன்."

அக்கா அத்தாவை எதிர்த்துப் பேசி நாங்கள் பார்த்ததில்லை. பெரியசாமி அண்ணன் டயரை ஆராய்வதுபோல் குனிந்துகொண்டார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அத்தா கொல்லைக்குள் இரண்டு கையிலும் இரண்டு குடத்தோடு நின்றார். அடி விழப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கொடம் வேணுமா? எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

அவர்கள் நம்பவில்லை. "நெஜமாத்தாங்க" என்று இரண்டு குடத்தையும் வரப்பில் வைத்துவிட்டு வந்து வேனில் ஏறினார். "பெரியசாமி, எங்கயும் நிக்காத."

திண்டிவனத்தைத் தாண்டும்போது வெளியே பார்க்கக்கூட இல்லை.

பார்க் வாசலுக்குப் போகையில் பாதிக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. "பாதி நாள் போயிடிச்சி, பாதி டிக்கெட் போடும்மா" என்று அத்தா கவுண்டரில் பேரம் ஆரம்பித்தார். திருந்திவிட்டார் என்று நினைத்தது என் தப்பு. அக்கா அவர் முதுகைத் தள்ளிக்கொண்டே உள்ளே போனாள்.

ரயிலுக்குக் கடைசி வரிசை நின்றிருந்தது. இரண்டிரண்டு பேராக உட்காரவேண்டும். அத்தா அண்ணாந்து பார்த்தார். "கடைச் சாவி பாக்கெட்ல கீது, விழுந்துடும்" என்றார். எனக்கோ சலீமைப் பிடிக்கும் உத்தியோகம் இன்னும் முடியவில்லை. ஜோடி இல்லாமல் அக்கா வரிசையிலிருந்து விலகப் போனபோது, அம்மா பர்தாவை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வா" என்றாள்.

ரயில் ஊர்ந்து ஏறி உச்சியில் ஒரு கணம் நின்றது. கவிழ்ந்தது. அத்தனை கூச்சலுக்கும் மேலே ஒரு குரல் கேட்டது:

"தாவூதூ...!"

அத்தா சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். "யாரோ நம்ம ஊர்க்காரங்க வந்துருக்காங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவரை "இன்னாங்க" என்பதைத் தவிர வேறெப்படியும் அழைக்காதவளின் குரல் அது என்று அவருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. விளங்கியதும், நாற்பத்தைந்து வயது மனிதர், காது வரை சிவந்துபோனார்.

கீழே வந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நானா? அல்லாவைத்தான் கூப்ட்டேன்" என்று அம்மா சாதித்தாள். ஊர் வந்து சேரும்வரை அத்தா தனக்குத்தானே சிரித்துக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஐந்து பேரும் ஒரே வண்டியில் ஏறவே இல்லை. அக்கா லீவில் வந்தால் சலீமுக்கு லீவு இருக்காது. அத்தா மவுத்தானபோது அக்காவுக்கு விமானம் கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள்.

போன மாதம் பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டுவிட்டு அம்மாவை அந்த ரயில் இருந்த பக்கம் அழைத்துப் போனேன். தண்டவாளத்தைக் காணோம். சீருடைப் பெண்ணிடம் கேட்டேன். "அது பழசாயிடுச்சுன்னு கழட்டிட்டாங்க மேடம்" என்றாள். அவளோடு சண்டை போடலாம்போல எரிச்சல் வந்தது.

அம்மா மேலே பார்க்கவே இல்லை. தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கத்தா இங்கதானே நின்னுக்கினு இருந்தாரு?"

அவள் காட்டிய இடத்தில் ஒரு பாப்கார்ன் வண்டி நின்றது.