கேரவனுக்குள் வெள்ளைச் சட்டை

வடபழனியில் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் ஒரு கேரவனில் உடைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மழை பெய்தால் கூரையில் பதித்த ஜன்னலின் ஓரம் ஒழுகி, பட்டுப் புடவைகள் மேல் துருத் தண்ணீர் சொட்டும். நான் புடவைகளுக்குப் பாலிதீன் போர்த்தியபடி அலைவேன். சிலிக்கான் பசை பூசிப் பூசி அலுத்த முதலாளி, கடைசியில் ஒழுக்கு அடைக்கிற ஒருவரை அனுப்பினார்.

நரைத்த மீசை, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. சட்டையை என் ஹேங்கரில் மாட்டிவிட்டுக் கூரையேறினார். ஜன்னல் சட்டத்தையே கழற்றி, பழைய சிலிக்கானைச் சுரண்டினார். வெயிலில் இளகாதிருக்க ஐஸ் பெட்டியில் வைத்திருந்த கறுப்பு பியூட்டைல் ரப்பர் டேப்பைச் சட்டத்தின் அடியில் சுற்றி ஒட்டி, சட்டத்தைத் திரும்பப் பொருத்தி, ஸ்க்ரூக்களைப் பைய முடுக்கினார். நாலு பக்கமும் டேப் பிதுங்கிய பிறகே இறங்கினார்.

“இந்த வேலைக்கு வெள்ளைச் சட்டையாண்ணே?”

“வேலைக்கு இல்லம்மா. மழை பெஞ்சா ஜன்னலுக்குக் கீழ குந்தறதுக்கு. ஒரு சொட்டு ஒழுகினாலும் சட்டையே காட்டிக் குடுத்துரும்.”

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

முதல் மழையன்று, யாரும் கூப்பிடாமலே வந்து கதவைத் தட்டினார். ரெயின்கோட்டை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு ஜன்னலுக்கு நேர் கீழே உட்கார்ந்தார். கூரையில் மழை அடித்து நொறுக்கியது. நான் புடவைகளை மறந்து அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்டதும் எழுந்து எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

“நல்லா பாரு. எதுனா கறை கீதா?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

அதன் பிறகு எத்தனையோ மழை. நான் பாலிதீனைத் தொடவேயில்லை.