வெறும் அட்டைங்க அது

என் தம்பி என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு அவனைப் பிடிக்காது.

வெளியூர்க்காரர்கள் எங்கள் 'ங்க'வைக் கேட்டுச் சொக்கிப்போவார்கள். கூடப்பிறந்தவன் வாயிலிருந்து அது வந்தால் எப்படி எரியும் என்று என்னைக் கேளுங்கள். என்னைவிட ஒன்றரை வயதுதான் சின்னவன். சிறுவயதில் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவான். அதற்காக அப்பா அறைந்தும் திருந்தவில்லை. அப்பா போனபின் பாகம் பிரித்தோம். அன்றோடு 'டா' போயிற்று, 'வாங்க, போங்க' வந்தது.

காடு தோட்டம், வீடெல்லாம் சுமுகமாகத்தான் முடிந்தது. கடைசியில் மிஞ்சியவை அப்பாவின் கைக்கடிகாரமும் பொம்மை ரயிலும். பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருந்தவர், மெஷின் பார்க்க ஜெர்மனி போனபோது வாங்கிவந்த ரயில். ஓர் எஞ்சின், நாலு கோச். எங்கள் பக்கத்தில் பெரியவன் பங்கு வைக்க வேண்டும், சின்னவன் முதலில் எடுக்க வேண்டும். ரயில் எனக்கு உயிர் என்று அவனுக்குத் தெரியும், விட்டுத்தருவான் என்று நம்பினேன், மடையன். சட்டென்று எடுத்துக்கொண்டான். அதன் அட்டைப்பெட்டி பரண்மேல் கிடந்தது. அவன் கேட்கவில்லை. நானும் மூச்சுவிடவில்லை.

பதினோரு வருடம் கழித்து, போன மாதம் வந்து நின்றான்.

"ஏனுங்க அண்ணா, நல்லா இருக்கறீங்ளா?"

என் மனைவி காப்பி வைத்தாள். அவன் நேராக விஷயத்துக்கு வந்தான். "பெங்களூர்ல ஒருத்தரு ரயிலைக் கேக்கறாருங்க. ஒரிஜினல் பொட்டி இல்லீன்னா பாதி மதிப்புக்கூட இல்லையாமுங்க. உங்ககிட்ட இருந்தாக் குடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் ரயிலை எவனுக்கோ தூக்கிக் கொடுப்பானாம், அதற்கு நான் பெட்டி தர வேண்டுமாம்! உள்ளே போய் எடுத்துவந்து அவன் முன்னால் திறந்து காட்டினேன். எஞ்சினுக்கும் ஒவ்வொரு கோச்சுக்கும் அளவான குழி. ஒரு மூலைகூட மடங்கவில்லை. விளையாடி முடித்து அதனதன் குழியில் வைத்து மூடினால்தான் அந்தக் காலத்தில் எங்களுக்குச் சோறு. அவன் கை நீண்டது. மூடியைப் படக்கென்று சாத்தினேன்.

"இது இங்க இருக்கறவரைக்கும் அதை விக்க மாட்டயல்ல? அப்ப இது இங்கயேதான் இருக்கும்."

"வெறும் அட்டைங்க அது."

"வெறும் அட்டைக்கு எதுக்குங்க இத்தனை தூரம் வந்தீங்க?"

அவன் முகம் செத்துவிட்டது. காப்பியைத் தொடாமல் எழுந்தான். வாசலில் செருப்பை மாட்டியவன், தெருவுக்கே கேட்கும்படி திரும்பிக் கத்தினான்.

"நீயெல்லாம் ஒரு மனுசனாடா? வெச்சுக்கடா! அதையே கட்டிக்கிட்டுச் சாவுடா!"

மனைவி பதறிப்போனாள். "அண்ணன்னுகூடப் பாக்காம இப்படிப் பேசிப்போட்டுப் போறாருங்களே!"

மூன்று தடவை 'டா' சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பெட்டியைத் துடைத்து மறுபடி பரண்மேல் ஏற்றினேன். செத்தாலும் தர மாட்டேன். தந்தால் நன்றி சொல்லுவான், 'ங்க' போட்டு.